வாசகர் கேள்வி – பதில்: சேப்ளின் ஊழியத்துக்கு என்ன படிக்க வேண்டும்?

மருத்துவமனை, ராணுவம், துறைமுகம் போன்ற இடங்களில் கிறிஸ்தவ சேப்ளினாக, அதாவது அங்கே இருப்பவர்களுக்கு ஆன்மிகத் துணை செய்பவராகப் பணிபுரிய என்ன படிக்க வேண்டும், எங்கே பயிற்சி பெற வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சபைப் போதகரைத் தேடி மக்கள் வருகிறார்கள். சேப்ளினோ, தன்னைக் கூப்பிடாதவர்களின் படுக்கையருகே போய் நிற்கிறார். பயிற்சியில் பெரும்பகுதி அப்படிப் போய் நிற்பதற்குத்தான்.

மகன் பி.எஸ்சி. முடித்துவிட்டான். மருத்துவமனை சேப்ளின் ஆக வேண்டும் என்கிறான். எந்தக் கல்லூரி, எத்தனை வருடம்? (நாசரேத் வாசகர்)

கல்லூரி விண்ணப்பம் வாங்குவதற்கு முன் உங்கள் சேகர குருவானவரைப் போய்ப் பாருங்கள். இந்த வேலையில் படிப்புக்குச் சமமான எடை, அனுப்புகிற திருச்சபைக்கு உண்டு. திருமண்டலம் தேர்வு வைத்து, நேர்காணல் நடத்தி, பேராயரின் பரிந்துரையோடு அனுப்பினால் படிப்பு முடிந்ததும் போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். சொந்தப் பணத்தில் எங்கோ படித்துவிட்டு, கையில் பட்டத்தோடு, தன்னைக் குருவாக அபிஷேகம் செய்ய ஒரு சபையும் இல்லாமல் நிற்கிறவர்கள் ஏராளம். அவர்களை மருத்துவமனை எடுத்தாலும் ஆலோசகர் என்ற பெயரில்தான் எடுக்கும்.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகள் போன்றவை பொதுவாகக் கேட்பது செராம்பூர் செனட் வழங்கும் பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) என்ற இறையியல் பட்டம். செராம்பூர் கல்லூரி 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் தொடங்கியது. பட்டம் வழங்கும் அமைப்பு 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. பட்டதாரிகளுக்கு பி.டி. நான்கு ஆண்டு. தமிழில் படிக்க விரும்பினால் மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. ஆங்கிலம் என்றால் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல், பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ். ஏ.டி.ஏ. (ஏசியா தியாலஜிக்கல் அசோசியேஷன்) அங்கீகாரமுள்ள கல்லூரிகளில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) படிப்பதும் நல்ல படிப்புதான். ஆனால் அதை உங்கள் திருமண்டலம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. இடையில் பேராயர் மாறிவிட்டால் அந்த வார்த்தைக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

பி.டி. முடித்ததும் நேரே மருத்துவமனைக்கு அனுப்புவது அபூர்வம். சில காலம் சபையில் வேலை, பிறகு டீக்கன் (உதவிக்குரு), பிறகு குருப்பட்டம், அதற்குப் பின்தான் மருத்துவமனைப் பயிற்சி. ஆக பி.எஸ்சி.க்குப் பிறகு ஆறேழு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்புப் பராமரிப்பும் ஆலோசனையும் என்ற பிரிவில் எம்.டிஎச். என்ற இறையியல் முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. துறையை நடத்தவும் பாடம் எடுக்கவும் அது வேண்டும், வார்டில் கால் வைப்பதற்கு வேண்டாம்.

இன்னொன்று. இந்த வருடமே மகனை ஆறு மாதம் ஏதாவது ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகப் போகச் சொல்லுங்கள், வீல்சேர் தள்ளுகிற வேலையானாலும் சரி. பினாயில் வாடையும் மணிக்கணக்கான காத்திருப்பும் தனக்கு ஒத்துவராது என்பது பி.டி. நான்காம் ஆண்டில் தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

இறையியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்ற மருத்துவமனைப் பயிற்சியில் அழவைத்துவிடுவார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் அங்கே என்ன நடக்கும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

சிலர் அழுகிறார்கள், உண்மைதான். ஆனால் அழவைப்பது நோக்கமில்லை.

இந்த முறைக்கு வித்திட்டவர் ஆண்டன் பாய்சன். தானே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்ட போதகர். 1925இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மருத்துவமனையில் நான்கு இறையியல் மாணவர்களைக் கோடைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். புத்தகத்தைப் படிக்கிற அதே கவனத்தோடு நோயாளியையும் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மருத்துவ மாணவருக்கு வார்டு இருப்பதுபோல இறையியல் மாணவருக்கும் ஓர் ஆண்டு வார்டு வேண்டும் என்று டாக்டர் ரிச்சர்ட் கேபட் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

இன்று அமெரிக்காவில் ஏ.சி.பி.இ. என்ற அமைப்பின் கணக்கில் ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். அதில் குறைந்தது 100 மணி நேரம் குழு அமர்வும் சூப்பர்வைசருடன் தனி அமர்வும். மீதியில் பெரும்பகுதி நோயாளிகளோடு. முழுநேரமாகச் செய்தால் 10 முதல் 12 வாரம். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு பாப்டிஸ்ட் மருத்துவமனை ஆகியவற்றின் சேப்ளின் துறைகள் இதே வழியில் பயிற்சி தருகின்றன. காலமும் கட்டணமும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும்.

பயிற்சியின் முதுகெலும்பு வெர்பாட்டிம் என்கிற உரையாடல் பதிவு. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கே, நினைவிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். படுக்கையருகே நோட்டை விரிக்கக் கூடாது, போனில் பதிவுசெய்யவே கூடாது. நோயாளியின் பெயருக்குப் பதில் மாற்றுக் குறி. மேலே வயது, வார்டு, எத்தனையாவது சந்திப்பு, எத்தனை நிமிடம், போகும்போது என்ன எண்ணத்தோடு போனீர்கள் என்ற குறிப்பு. பிறகு வரிசை எண் போட்ட உரையாடல். மௌனம், முகம் திருப்பியது, இடையில் நர்ஸ் வந்தது எல்லாம் அடைப்புக்குறியில். மாதிரிக்கு ஒன்று பாருங்கள் (‘நோ’ நோயாளி, ‘சே’ சேப்ளின்). சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட, 58 வயது விவசாயி:

நோ 1: (கூரையைப் பார்த்தபடி) காலை எடுத்துட்டாங்கய்யா. இனி மாட்டை யாரு பாக்குறது.
சே 1: கவலைப்படாதீங்க. கர்த்தர் இருக்கார்.
நோ 2: ஆமாங்கய்யா.
சே 2: ஜெபம் பண்ணலாமா?
நோ 3: பண்ணுங்க.

படிக்கும்போது தப்பாக ஒன்றும் தெரியாது. குழுவில் வாசித்ததும் கேள்வி கிளம்பும். அவர் மாட்டைப் பற்றிப் பேசினார், நீங்கள் ஏன் கர்த்தரைப் பற்றிப் பேசினீர்கள்? நோ 2இல் இருக்கும் ‘ஆமாங்கய்யா’ சம்மதமா, அல்லது ‘இவரிடம் சொல்லிப் பயனில்லை’ என்ற முடிவா? ஜெபம் அப்போது யாருக்குத் தேவைப்பட்டது, அவருக்கா உங்களுக்கா? சே 1இல் ‘மாட்டை இப்ப யார் பாக்குறா?’ என்று கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? சண்டை போட்டுப் பிரிந்துபோன மகன் வந்திருக்கலாம். கடன் வந்திருக்கலாம். வெட்டிய காலை என்ன செய்தார்கள் என்ற, வெளியே கேட்கக் கூசுகிற கேள்வி வந்திருக்கலாம். கடைசியில் ஜெபத்துக்கும் இடம் இருந்திருக்கும், அது மாட்டையும் மகனையும் பெயர் சொல்லிச் செய்கிற ஜெபமாக இருந்திருக்கும்.

அடுத்துத்தான் அழுகை. ‘அந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டீர்கள்?’ என்று சூப்பர்வைசர் கேட்பார். விடை பல நேரம் நோயாளியிடம் இருக்காது, உங்கள் வீட்டில் இருக்கும். அப்பாவின் கடைசி நாட்களில் பேச முடியாமல் போனது, வீட்டில் யாரும் கண்ணீர் விடக் கூடாது என்று வளர்ந்தது, இப்படி ஏதோ ஒன்று. அதை எடுத்து வெளியே வைக்காதவரை அடுத்த கட்டிலிலும் அதே இடத்தில் அவசரப்படுவீர்கள்.

எங்கே சறுக்குகிறார்கள் என்றால், முதலாவது, பதிவை அழகுபடுத்துவதில். நோயாளி முழு வாக்கியத்தில் பேசி, சேப்ளின் ஒரு தடவைகூடத் தடுமாறாத வெர்பாட்டிமை அனுபவமுள்ள சூப்பர்வைசர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். திருத்த ஒன்றுமில்லாத பதிவால் ஒருவருக்கும் லாபமில்லை. இரண்டாவது, தொடக்கத்தில் எழுதித் தரும் கற்றல் ஒப்பந்தம். ‘நல்ல ஊழியனாக வேண்டும்’ என்று எழுதினால் திருப்பித் தருவார்கள். ‘பேச்சு நின்றதும் ஜெபத்துக்குத் தாவுகிறேன், நான்கு வாரத்தில் அந்த மௌனத்தில் இருக்கப் பழக வேண்டும்’ என்று எழுதினால் ஏற்பார்கள். மூன்றாவது, பிடித்துப்போன ஒரு நோயாளியின் அறையிலேயே பாதி நாளைக் கழிப்பது. அங்கே உங்களுக்கு நன்றி கிடைக்கிறது, அதுதான் காரணம். பணம் கொடுப்பது, சொந்த போன் நம்பர் கொடுப்பது எல்லாம் இதன் கிளைகள்.

முப்பது நாள் ஆன்லைன் கோர்ஸ், ‘சர்வதேச சேப்ளின்’ சான்றிதழ், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை, பேட்ஜ் எல்லாம் தருகிறார்களே, செல்லுமா? (ஆவடி வாசகர்)

செல்லாது. யார் மேற்பார்வையில், எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் அந்த அட்டையில் பதில் இல்லை. மருத்துவமனை கேட்கப்போவது அந்த மூன்றையும்தான். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கத்தோலிக்க மருத்துவமனையில் நீண்ட காலம் நர்ஸாக இருக்கிறேன். குருவல்லாத ஒரு பெண் இந்தப் பணிக்கு வர முடியுமா? (திருச்சி வாசகி)

வரலாம். கத்தோலிக்க மருத்துவமனைகளின் ஆன்மிகப் பராமரிப்புப் பிரிவுகளில் அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். எல்லை எங்கே என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்புரவு அருட்சாதனமும் (பாவசங்கீர்த்தனம்) நோயில்பூசுதலும் குருவானவர் மட்டுமே நிறைவேற்றக்கூடியவை. நோயில்பூசுதல் பற்றித் திருச்சபைச் சட்டம் 1003 தெளிவாகச் சொல்கிறது. நற்கருணையை, முறையான அனுமதி பெற்ற பொதுநிலையினர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாகும் தறுவாயில் திருமுழுக்கை, சரியான எண்ணத்தோடு யாரும் கொடுக்கலாம் (சட்டம் 861).

கடைசியில் சொன்னது உங்களுக்குப் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் தேவைப்படும். பெற்றோர் கேட்க வேண்டும், அது முதல் விதி. குழந்தை போய்விடுமோ என்ற பதற்றத்தில் பெற்றோருக்குத் தெரியாமல் செய்வது தவறு, அது பின்னால் பெரிய மனக்கசப்பில் முடியும். இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குச் செம்பில் தண்ணீர் வேண்டாம். வார்டு நர்ஸிடம் சொல்லி, வெதுவெதுப்பான ஸ்டெரைல் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, நெற்றியில் சில சொட்டு வழிந்தோடும்படி விட்டு, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்கு அளிக்கும் வாய்பாட்டைச் சொன்னால் போதும். உடனே பஞ்சால் துடைத்துவிடுங்கள், அந்த எடைக்கு ஈரம் சூட்டைக் குறைத்துவிடும். பிறகு பங்கில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். குழந்தை இறந்த பின் அழைத்தால் திருமுழுக்கு இல்லை. பெயர் சூட்டி, ஆசீர் செபம் சொல்லி, தாய் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வழி செய்யுங்கள்.

நர்ஸாக இருந்ததில் லாபமும் உண்டு, தொல்லையும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை டிரிப் வேகத்தைச் சரிசெய்யப் போகும். கண் மானிட்டரைப் பார்க்கும். நோயாளி அதைக் கவனித்ததும் ‘ரிப்போர்ட்ல என்னம்மா இருக்கு?’ என்று ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ‘டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்டு, அந்தக் கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்க உதவுங்கள். யூனிபார்மைக் கழற்றினாலும் இந்தப் பழக்கம் போகச் சில மாதம் ஆகும்.

சி.எஸ்.ஐ. சகோதரிகளுக்கு: உங்கள் திருச்சபை 1976 முதல் பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்கிறது. பிரசவ வார்டுக்கும் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கும் பெண் சேப்ளின்கள் போதாமல் இருக்கிறார்கள்.

சபைப் போதகர். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகிறேன். இராப்போஜனம், எண்ணெய் பூசுதல் எல்லாம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை? (தருமபுரி வாசகர்)

அரசு மருத்துவமனை என்றால் முதலில் ஆர்.எம்.ஓ.வை (உறைவிட மருத்துவ அதிகாரி) பார்த்து அனுமதி பெறுங்கள். உங்களைக் கேட்ட நோயாளியிடம் மட்டும் போங்கள். கட்டில் கட்டிலாக நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பது வேறு வேலை, அதைச் சேப்ளின் பணியோடு சேர்க்காதீர்கள்.

மெழுகுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே ஒரு பொறி போதும், மெத்தை பற்றிக்கொள்ளும். பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

இராப்போஜனத்துக்கு முன் நர்ஸிடம் இரண்டு கேள்வி: வாய்வழி சாப்பிடலாமா, விழுங்குவதில் சிரமம் உண்டா? அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கு அப்பம் கொடுத்தால் ஆபரேஷனே தள்ளிப்போகலாம். பக்கவாதம் வந்தவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடும். ரசத்தில் நனைத்த மிகச் சிறிய துணுக்கைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், அதுவும் கூடாது என்றால் வார்த்தையும் ஜெபமும் போதும். குடிப்பழக்கத்தை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்குப் புளித்த திராட்சரசம் ஒரு மிடறு போனாலே முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரக்கூடும். புளிக்காத சாறு கைவசம் இருக்கட்டும்.

எண்ணெய்ப் பாட்டிலில் விரலை விட்டு ஒருவர் நெற்றியில் பூசி, அதே விரலை மறுபடி பாட்டிலில் விட்டு அடுத்தவருக்குப் பூசுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தொற்றை ஊர்வலம் கொண்டுபோகிற வழி அது. ஆளுக்கு ஒரு பஞ்சு. தீக்காயம், தையல், குழாய் நுழையும் இடம் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். கீமோ எடுத்து வெள்ளணு குறைந்தவர் அறைக்குச் சளியோடு போகாதீர்கள், பூங்கொத்தும் வேண்டாம். காசநோய் வார்டில் என்-95 முகக்கவசம், துணி மாஸ்க் போதாது.

நின்றுகொண்டே பேசாதீர்கள், கட்டிலிலும் உட்காராதீர்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு நோயாளியின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

நோயாளிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்களிடம் சேப்ளின் என்ன செய்வது, ஜெபிக்கலாமா? (வேலூர் வாசகி)

கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவரால், அதுவும் அந்த மருத்துவமனையின் தயவில் இருப்பவரால், ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல முடியாது. அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது ஊழியமில்லை. எந்த நல்ல பயிற்சியிலும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், இருந்தும் மீறல் நடக்கிறது.

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய ஃபிகா என்ற கேள்விமுறை பல இடங்களில் சொல்லித்தரப்படுகிறது. நம்பிக்கை என்ன, அது அவர் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், உடன் நிற்கும் சமூகம் எது, நாங்கள் என்ன செய்யட்டும் என்று நான்கு படி. வரிசையாகக் கேட்டால் ஆதார் விண்ணப்பம் நிரப்புவதுபோல இருக்கும். ‘இந்த மாதிரி நேரத்துல உங்களுக்குத் தெம்பு எதுல கிடைக்குது?’ என்று ஆரம்பித்தால் நான்கும் தானாக வந்து விழும். முருகன் என்பார், பேத்தி என்பார், ‘ஒண்ணுமில்லை’ என்றும் சொல்வார்.

அதற்கேற்ற ஏற்பாடுதான் உங்கள் வேலை. மூக்குக்குழாய்க்கு டேப் ஒட்டும்போது நெற்றி விபூதியைக் கேட்காமல் துடைத்துவிட வேண்டாம் என்று வார்டில் சொல்லி வைக்கலாம். கடைசி நேரத்தில் துளசித் தீர்த்தம் கொடுக்க விரும்பும் குடும்பத்துக்கு, விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றாமல் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவ நர்ஸோடு பேசி வழி செய்யலாம். முஸ்லிம் நோயாளியின் கட்டிலைக் கிப்லா (தொழுகையில் நோக்கும் மக்கா திசை) பக்கம், நம் ஊரிலிருந்து மேற்கே சற்று வடக்கு, திருப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அடக்கம் தாமதமாகாமல் இருக்க, உடலை விடுவிக்கும் காகிதங்களைத் துரிதப்படுத்தலாம். ‘நீங்க சாமிகிட்ட வேண்டிக்கோங்க’ என்று அவரே கேட்டால், உங்கள் விசுவாசப்படியே, மறைக்காமல், சுருக்கமாக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள்.

நோயாளி ரகசியமாகச் சொன்னதை டாக்டரிடம் சொல்லலாமா? (கோவை வாசகர்)

பொதுவாகக் கூடாது. கேஸ் ஷீட்டில் எழுத அனுமதி உள்ள இடங்களில் தேவையை எழுதுங்கள், கதையை எழுதாதீர்கள். ‘குடும்பப் பிரிவால் மன அழுத்தம், மகனோடு பேச விரும்புகிறார்’ என்றால் போதும், ஏன் பிரிந்தார்கள் என்பது அங்கே வேண்டாம்.

விதிவிலக்கு இரண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் நர்ஸையும் டாக்டரையும் கூப்பிடுங்கள், கூப்பிடப் போவதை அவரிடமே சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். அடுத்தது, குழந்தை மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவு, தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காதது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு, குருவிடம் பேசுவதற்கென்று நம் சாட்சியச் சட்டத்தில் தனியாக இல்லை. எனவே ‘எதுவானாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை முதல் நாளே தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பது புதியவர்களின் வழக்கம்.

ராணுவத்தில் பாத்ரே (கிறிஸ்தவ குரு) பணி உண்டாமே? (வேளாங்கண்ணி வாசகர்)

உண்டு. ரிலிஜியஸ் டீச்சர் என்ற பிரிவில் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) நிலையில், நாயிப் சுபேதாராகச் சேர்ப்பார்கள். ஏதாவது ஒரு பட்டம், உரிய திருச்சபை அதிகாரியிடம் பெற்ற குருப்பட்டம், உள்ளூர் பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் இன்றும் பெயர் இருப்பது ஆகியவை அடிப்படை. 25 வயதுக்குக் குறைந்தவரை எடுப்பதில்லை. மேல் வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். உயரம் 160 செ.மீ., மார்பு 77 செ.மீ., எடை 50 கிலோ. 1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் பொது அறிவுக்கு ஒரு தாள், சமயப் பாடத்துக்கு ஒரு தாள். ஊதியம் 6ஆம் நிலையில், அடிப்படை 35,400 ரூபாயில் தொடங்கும், அதோடு ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாய்.

இடங்கள் மிகக் குறைவு. பண்டிட் பணிக்கு நூறு இடம் அறிவிக்கும் ஆண்டில்கூட பாத்ரேவுக்கு ஒற்றை இலக்கம்தான். பேராயர் அமைப்பே இல்லாத சுயாதீன சபையின் கடிதத்தோடு போகிறவர்கள் ஆவணச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். ஓட்டத்தை லேசாக நினைக்காதீர்கள், முப்பது வயதுக்கு மேல் மூன்று மாதப் பயிற்சி இல்லாமல் அந்த நேரம் வராது.

பி.டி. முடித்துவிட்டேன். அமெரிக்காவில் போர்டு சர்ட்டிஃபைடு சேப்ளின் ஆவதற்குப் படிகள் என்ன? (மார்த்தாண்டம் வாசகர்)

அசோசியேஷன் ஆஃப் புரொஃபஷனல் சேப்ளின்ஸ் அமைப்பைச் சார்ந்த சான்றளிப்பு வாரியம் கேட்பவை: 72 செமஸ்டர் மணி அளவுள்ள முதுநிலை இறையியல் படிப்பு, நான்கு யூனிட் சி.பி.இ., உங்கள் திருச்சபையின் எண்டார்ஸ்மென்ட் (எழுத்து மூலமான ஒப்புதல்), பயிற்சிக்குப் பின் சேப்ளினாக 2,000 மணி நேரப் பணி, கட்டுரைகள், கடைசியில் குழு முன் நேர்காணல். கத்தோலிக்கருக்கு 1965இல் தொடங்கிய தனி அமைப்பு, என்.ஏ.சி.சி., இருக்கிறது.

உங்கள் பி.டி.யை அங்குள்ள முதுநிலைக்குச் சமம் என்று மதிப்பிட்டு வாங்குவதுதான் முதல் வேலை. பாடவாரியாக மணிக்கணக்கு போட்ட மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியில் இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு யூனிட் முடித்தவர்களையே பெரும்பாலான ஓராண்டு ரெசிடென்சிகள் (மருத்துவமனையில் முழுநேரப் பயிற்சி) விரும்புகின்றன, ரெசிடென்சியில் உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தில் வாழ்க்கை வரலாறு, விசுவாசப் பயணம், நீங்கள் ஒருவருக்கு உதவப் போன ஒரு சம்பவம் ஆகியவற்றை எழுதச் சொல்வார்கள். நம்மவர்கள் மூன்றையும் சாட்சி சொல்வதுபோல வெற்றியில் முடித்துவிடுகிறார்கள். தேர்வுக்குழு தேடுவது, நடந்ததில் தன் பங்கை எட்ட நின்று பார்க்கத் தெரிகிறதா என்பதை. வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு விசா ஏற்பாடு செய்யும் மையங்கள் குறைவு, கட்டணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் பணியாளர்களைச் சந்திக்கும் ஊழியத்துக்கு என்ன தகுதி வேண்டும்? (தூத்துக்குடி வாசகர்)

இதை உலக அளவில் நடத்தும் பழைய அமைப்புகள் இரண்டு: 1856இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் மிஷன் டு சீஃபேரர்ஸ், 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்க ஸ்டெல்லா மாரிஸ். பட்டத்தைவிட அமைப்பின் அனுமதிக் கடிதம் முக்கியம், அது இல்லாமல் துறைமுகம் பாஸ் தராது. 2004க்குப் பிறகு ஐ.எஸ்.பி.எஸ். பாதுகாப்பு விதிகள் வந்ததால் முன்புபோல உள்ளே நடந்துபோக முடியாது. ஹெல்மெட், ஒளிரும் மேலாடை, இரும்பு முனை வைத்த ஷூ மூன்றும் சொந்தமாக இருக்க வேண்டும். பையை முதுகில் மாட்டுங்கள், கேங்வேயில் (கப்பலுக்கு ஏறும் படிப்பாலம்) ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மேலே போனதும் காவலில் இருப்பவரின் பதிவேட்டில் கையெழுத்து. முதலில் சமையல்காரரிடமும் மெஸ் ரூமிலும் பேச்சுக்கொடுங்கள், கேப்டன் அறையில் தெரியாத செய்தி அங்கே தெரியும்.

அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் சிம் கார்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழி, ஊருக்குள் போக வண்டி. ஜெபம் அதற்குப் பின்தான் வரும். சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை, கப்பலைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற புகார் வந்தால் நீங்களே கேப்டனோடு வாதாடாதீர்கள். இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்ட பணியாளருக்கு நிதிப் பாதுகாப்பு உண்டு. அந்தச் சான்றிதழ் கப்பலில் பார்வையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து, பணியாளர்களின் ஒப்பந்த நகலோடு ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஆய்வாளருக்கு அனுப்புங்கள். யார் புகார் சொன்னது என்பதைக் கப்பலில் ஒருவரிடமும் சொல்லாதீர்கள், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போவது அவருக்குத்தான்.